உருளைக்கொடி போன வழி

மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டிக்குப் பின்னால் இருக்கிற சந்தில், திலகமணியின் சமையலறை மூலையில், சாக்குப்பைக்குள் பதினோரு மாதமாக யாரும் சீண்டாமல் கிடந்த கடைசி உருளைக்கிழங்கு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தரை விரிசலுக்குள் வேரை இறக்கி, அடுப்பு மேடையைப் பிடித்து ஏறி, ஜன்னல் கம்பிக்குள் தலையை நுழைத்துத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கீழே இறங்கி நடக்க ஆரம்பித்தது. நடந்தது என்று சொல்வதுதான் சரி, ஏனென்றால் சாயங்காலத்துக்குள் அது நாலு வீட்டைத் தாண்டி, ஐந்தாவது வீட்டுக் கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போயிருந்தது. உருளைக்கிழங்குச் செடி இப்படிக் கொடியாகப் படராது என்பது மண்டித் தெருவில் பிறந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் பதினோரு மாதமாக அந்தப் பெண் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் தெருவுக்குத் தெரியும், அதனால் அந்த வீட்டிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிப் போய்த்தானே ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

திலகமணி பார்த்துக்கொண்டிருந்தது புருஷன் சென்னியப்பனை. கிழங்கு லாரி ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாதவர், பால் ஆகாத உடம்புக்காரர். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் எதுவும் ஆகாது, ஒரு சொட்டு உள்ளே போனாலும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வீடு எருமை கட்டியிருக்கிற கொங்கு நாட்டில் பிறந்துவிட்டு இப்படி ஓர் உடம்பை வைத்துக்கொண்டிருப்பது சாமானியப்பட்ட காரியமில்லை. எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலைமேல் கையை மறித்துக்கொண்டு, எந்தக் கடையில் நின்றாலும் முதல் வார்த்தையாக அதையே சொல்லிக்கொண்டு, சொன்னதும் அவர்கள் சிரிக்கிற சிரிப்பைத் தானும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டு, ஐம்பது வருஷம் ஓட்டிவிட்டார். நம்பி வாய் திறந்து சாப்பிட்டது ஒரே ஓர் இடத்தில்தான், அது திலகமணியின் சமையலறை.

அங்கே அவருக்குப் பிடித்தது உருளைக்கிழங்கு வறுவல். அதில் ஒன்றும் பிரமாதமில்லை. கிழங்கை முக்கால் வேக்காடு வேகவைத்து, தோலை உரித்து, கட்டைவிரல் அளவுக்கு நறுக்கி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் புரட்டி வைத்துவிட்டு, இரும்பு வடைச்சட்டியில் கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகையும் உளுந்தையும் வெடிக்கவிட்டு, தோலோடு தட்டின பூண்டு நாலு, கறிவேப்பிலை ஒரு கொத்துப் போட்டு, கிழங்கைக் கொட்டி, தீயைக் குறைத்து, அதைக் கிண்டாமல் சும்மா விட்டுவிட வேண்டும். கை வைக்காமல் சும்மா விடுகிற அந்தப் பொறுமைதான் பக்குவமே. அடியில் பிடித்துச் செக்கச்செவேலென்று ஒரு காந்தல் கட்டும். சோற்றைத் தின்று முடித்த பிறகு சென்னியப்பன் வடைச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காந்தலைக் கரண்டியால் கறக் கறக்கென்று சுரண்டித் தின்பார். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் கேட்கிற பெரிய சத்தம் அது ஒன்றுதான்.

தப்பு நடந்தது ஒரு விருந்தன்றைக்கு. அன்னூர்ப் பக்கம் பத்து எருமை வைத்திருக்கிற அண்ணன் நாச்சிமுத்து, குடும்பத்தோடு வந்திருந்தார், தூக்குப்போசி நிறைய நெய்யும் கொண்டுவந்திருந்தார். அந்தச் சீமையில் விருந்தாளி இலையில் நெய் ஊற்றாமல் விட்டால் வந்தவரை வரவேற்கவில்லை என்றுதான் கணக்கு. நாச்சிமுத்து சமையலறை வரைக்கும் வந்து குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"ஏம்மணி, ஊட்டுல நெய்யே வாசம் காட்டறதில்லயா? மாப்பளைக்கு அது சீக்கும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, வெறும் செல்லம். தெரியாம ஒருக்கா ஊத்திப் போடு. தின்னு போட்டு நல்லாத்தான் இருப்பாரு, பாரு."

திலகமணி வடைச்சட்டியின் ஓரத்தில் ஒரு கரண்டி நெய்யை விட்டாள். அண்ணன் முன்னால் தலைகுனிவு வேண்டாம் என்பது ஒரு காரணம். பதினைந்து வருஷம் கூட வாழ்ந்தும், இந்த மனுஷன் சொல்வது நிஜந்தானா என்று ஒருதரமாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்குள்ளேயே ஒரு குறுகுறுப்பு இருந்தது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சென்னியப்பன் நம்பித் தின்றார், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள்.

அடுத்த நாள் நெய்த் தூக்குப்போசியைத் தெருவில் வீசிவிட்டு, பாத்திரமெல்லாம் புளி போட்டுத் தேய்த்து, சுத்தமாக எண்ணெயில் வறுவல் செய்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு துண்டை எடுத்தார். கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"உம்மேல கோவமில்ல புள்ள," என்றார். "கை போக மாட்டேங்குது."

மறுநாளும் போகவில்லை. ஒரு மாதம் அந்தக் கை அப்படியே பாதி வழியில் நின்று நின்று திரும்பியது. பிறகு ஒருநாள் காலை, ஒரு சாக்குக் கிழங்கைச் சமையலறை மூலையில் இறக்கி வைத்துவிட்டு மைசூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. இரண்டு தடவை போன் வந்தது, அப்புறம் அந்த நம்பரும் ஊமையாகிவிட்டது. திலகமணிக்கு மன்னிப்புக்கூட வேண்டாம். அந்த வடைச்சட்டியைச் சுரண்டுகிற சத்தம் இன்னொரு தடவை காதில் விழுந்தால் போதும் என்று இருந்தாள்.

இப்போது கொடி. முதல் வாரத்தில் அது பஞ்சர்க் கடை வாசலில் அரை நாள் நின்றது, லாரிப் பட்டறையில் ஒரு நாள் நின்றது, மாரப்பன் டீக்கடை பெஞ்சில், கடை திறக்குமுன், சென்னியப்பன் எப்போதும் உட்காருகிற வலது கோடியில், இரண்டு இலையைப் போட்டு உட்கார்ந்து எழுந்து போனது. அது யாரைத் தேடிப் போகிறது என்று அதற்குமேல் ஒருவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பால் விஷயம் தெரிந்தது பால்காரர் ரங்கசாமியால். பக்கத்து வீட்டுக்கு ஊற்ற வந்தவர் கேனைத் திலகமணியின் ஜன்னல் திட்டில் வைத்ததுதான் தாமதம், கொடி இலையெல்லாம் சுருட்டிக்கொண்டு, போன வழியே விறுவிறுவென்று பின்வாங்கி, டீக்கடையைத் தாண்டியிருந்த கொழுந்து மறுபடி பட்டறைக்கு வந்துவிட்டது. திலகமணி கேனையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவருக்கும் இப்பிடித்தானுங்," என்றாள். "பாலக் கண்டா ஒதட்ட உள்ள இழுத்துக்குவாரு."

ரங்கசாமி கேனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்துத் தெரு வழியாகப் போனார். "நாளையிலருந்து நா இந்த ரோட்டுப் பக்கமே வல்லீங் அம்மணி," என்று போகிறபோது சொன்னார். "கன்னுக்குட்டிக குடிக்கட்டும், அதுகளும் நா எப்ப விடுவேன்னுதான பாத்துக்கிட்டு நிக்குதுக."

தெரு பாலை விட்டது இப்படித்தான். கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, தண்டோரா போடவில்லை. பக்கத்து வீட்டு ஜமீலா பெருநாள் பிரியாணியைத் தயிர் விடாமல் எலுமிச்சம்பழம் பிழிந்து செய்தாள். மாரியம்மன் கோவிலில் பால்குடம் எடுக்க வேண்டியவர்கள் இளநீர்க் குடம் எடுத்தார்கள், ஆத்தாளும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணப் பாயசம் தேங்காய்ப்பாலில் கொதித்தது. மாரப்பன் மட்டும் இரண்டு நாள் புலம்பினான், டீக்கடைக்காரனைப் பார்த்துப் பாலை விடு என்றால் அவன் எதை ஆற்றுவான் என்று கேட்டான். மூன்றாம் நாள் இஞ்சி தட்டிப் போட்டு, கருப்பட்டி கரைத்து வரட்டீ ஆற்றிக் கொடுத்தான், குடித்தவர்கள் இன்னொன்று கேட்டார்கள். தாய்ப்பாலுக்குக் கொடி ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை பால் குடிக்கிற வீட்டைத் தாண்டும்போது தொட்டில்மேல் ஒரு பூவை உதிர்த்துவிட்டுப் போனது.

ஒரே ஒருதரம் மண்டிக் கணக்குப்பிள்ளை ஆசை தாளாமல், கதவைச் சாத்திக்கொண்டு, காதும் காதும் வைத்தாற்போல ஒரு பால்கோவாவைத் தின்றார். கொடி ஏழு அடி பின்வாங்கியது. தெருவே வந்து அவர் வாயை மோந்து பார்த்தது. அன்றிலிருந்து அந்த மனுஷன் தானாகவே காலையும் மாலையும் கொடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

முப்பதாம் நாள் வாக்கில் கொழுந்து ஊட்டிச் சாலையும் சத்தியமங்கலம் சாலையும் பிரிகிற முக்குக்கு வந்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல் மூன்று நாள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. அந்த மூன்று நாளும் திலகமணிக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அது சத்தியமங்கலத்துப் பக்கம் திரும்பி, ஒரு நாளைக்கு ஒரு மைல் வீதம் போக ஆரம்பித்தது. பஸ்காரர்கள் அதைக் கண்டால் வேகத்தைக் குறைத்தார்கள், கண்டக்டர் இறங்கிக் கவைக்கம்பால் தூக்கிப் பிடிக்க, பஸ் அடியில் நுழைந்து போனது. ரோட்டு வேலைக்காரர்கள் அதன் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். கிழங்கு லாரி டிரைவர்கள் கொழுந்தை முந்திக்கொண்டு போய், வழியில் இருக்கிற ஒவ்வொரு டீக்கடையிலும் வண்டியை நிறுத்தி, சங்கதியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். சிறுமுகையில் வரட்டீ, சத்தியமங்கலத்தில் வரட்டீ, பண்ணாரியில் வரட்டீ. திரும்பி வருகிறவர்கள் திலகமணி வாசலில் ஹாரன் அடித்துச் சேதி சொன்னார்கள்.

"அக்கா, கொழுந்து பவானிப் பாலத்துக் கம்பியப் புடிச்சுத் தாண்டிருச்சுங்."

"அக்கா, பண்ணாரி போயிருச்சுங். யானைக்கூட்டம் ஒண்ணு ரோட்டத் தாண்டுச்சுங், காலத் தூக்கித் தூக்கி வெச்சு, ஒரு எலைகூட மிதிக்கல."

"திம்பத்து மலை வளைவு ஏறுதுங். எட்டாவது வளைவுல இருக்குது."

திலகமணி ஜன்னலோரம் கொடியின் தண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே ஏதோ ஓடுவது கையில் தெரியும். அது போகிற தூரமெல்லாம் அவர் தன்னைவிட்டுப் போன தூரம் என்று நினைக்கும்போது, இத்தனை தூரம் போகும்படி என்ன செய்துவிட்டேன் என்று தண்டிடமே கேட்பாள். ஒரு கரண்டி நெய், அவ்வளவுதான். அந்த ஒரு கரண்டியை அவள் தினமும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கொழுந்து கடைசியான இருபத்தேழாவது வளைவுக்குப் பக்கத்தில் இருந்தபோது நாச்சிமுத்து வந்தார். கையில் பழைய மாதிரியே நெய்த் தூக்குப்போசி. அவர் சந்துக்குள் காலை வைத்ததும் கொடி நடுங்கிப் பின்வாங்கியது, அங்கே திம்பத்தில் அது பதினொன்றாவது வளைவுக்கு இறங்கிவிட்டது என்று பிறகு சேதி வந்தது.

"ஊரே சிரிக்குது அம்மணி," என்றார் அண்ணன். "ஓடிப் போனவன நெனச்சுக்கிட்டு ஒரு ரோடே பட்டினி கெடக்குது. இத அறுத்துப் போட்டுட்டு எங்கூடக் கெளம்பு."

திலகமணி எழுந்துபோய் அவர் கையிலிருந்த தூக்குப்போசியை வாங்கி, மூடியைத் திறக்காமல், தெருக்கோடி வரைக்கும் நடந்துபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நீ சொன்னதாலதான் ஊத்துனேன்னு இத்தன நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன்ணா," என்றாள். "அது பொய். அவரு சொல்றது நெசமான்னு எனக்கே தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. என்னைய நம்பி வாயத் தொறந்த மனுசன நாஞ் சோதிச்சுப் பாத்தேன். சொன்னது நீ, ஊத்துன கை என்னோடது."

அந்தக் குடும்பத்தில் யாரும் இப்படி ஒரு தப்பை வாய்விட்டு ஒப்புக்கொண்டு நாச்சிமுத்து பார்த்ததில்லை. அவர் தெருக்கோடிக்குப் போய், நெய்யை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். பதினாறு வளைவையும் கொடி மறுபடியும் ஏற வேண்டியிருந்தது, ஆனால் இந்தத் தடவை சீக்கிரம் ஏறியது.

தொண்ணூற்று ஆறாம் நாள் கொழுந்து ஆசனூரில் ஒரு டீக்கடைக்கு எதிரே நின்றுவிட்டது. நகரவில்லை. தொண்ணூற்று எட்டாம் நாள் அங்கே இலை பழுத்தது. நூறாம் நாள் காலையில் திலகமணியின் ஜன்னலோரத்துத் தண்டும் மஞ்சளாகி, பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் ஓடவில்லை. அவர் செத்துப் போய்விட்டார், அதனால்தான் கொடி காய்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டு, அழக்கூட வராமல், தரையில் சுருண்டு படுத்துவிட்டாள்.

ஜமீலாதான் வந்து உலுக்கினாள். "ஏன்க்கா, நீங்க மண்டித் தெருவுலதான குடியிருக்கீங்க? உருளைக்கெழங்குச் செடி காஞ்சா என்ன அர்த்தம்? கெழங்கு முத்திருச்சு, வெட்டுன்னு அர்த்தம். இதுகூடவா மறந்துபோச்சு?"

வெட்டுவதற்குக் கடப்பாரையோடு வந்தவர் நாச்சிமுத்து. யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியவில்லை, கையில் நெய் இல்லை. சமையலறைத் தரையைப் பெயர்த்ததும் கீழே கிழங்கு. கூடை கூடையாக, மண்ணின் சூடு ஆறாமல், சந்தில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் கொடுத்து, மாரப்பனுக்குக் கொடுத்து, ரங்கசாமிக்குக் கொடுத்து, கணக்குப்பிள்ளைக்கும் கொடுத்து, இன்னும் ஒரு கூடை மிச்சம் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"அக்கா," என்றான் டிரைவர். "நம்ம சென்னியப்பண்ணன் கொடியச் சுருட்டிக்கிட்டு வர்றாருங். வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்தறாரு, எறங்கறாரு, சுருட்டிப் பொறத்தால போடறாரு, மறுபடி வண்டிய எடுக்கறாரு. ஏண்ணா, நேரா வரலாமுல்லன்னு கேட்டேன். இத ரோட்டுல போட்டுட்டு வர மனசு வல்லேன்னாரு."

ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, காய்ந்த கொடி கட்டுக்கட்டாக வைக்கோல் பாரம்போல உயர்ந்து நிற்க, லாரி சந்துக்குள் நுழைய முடியாமல் முக்கில் நின்றது. சென்னியப்பன் கடைசிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜன்னல் வரைக்கும் சுருட்டிக்கொண்டே வந்தார். இளைத்திருந்தார். தாடியில் வெள்ளை ஏறியிருந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் திலகமணி நின்றாள்.

"ஆசனூருல டீக்கடையில நின்னேன்," என்றார், சுருளை இறக்கி வைத்துக்கொண்டே. "எப்பவும் போலப் பால் ஆகாதுன்னு சொல்றதுக்கு வாயத் தொறந்தேன். நாஞ் சொல்றதுக்கு முந்தியே கடக்காரரு வரட்டீயக் கைல குடுத்துட்டாரு. இந்த ரோட்டுல இப்ப வேறெதுவும் கெடையாது, கீழ ஒரு அம்மணியோட ஊட்டுக்காரருக்குப் பால் ஆகாதாம்னாரு. அம்பது வருசத்துல மொதத் தடவ புள்ள, நா ஒண்ணும் சொல்லாம ஒரு டீ குடிச்சேன். திரும்பிப் பாத்தா எதுத்தாப்பல கொழுந்து நிக்குது."

திலகமணி அழுதாள். அவரும் அழுதார். ஊர்ப்பட்ட கூட்டம் பார்த்துக்கொண்டு நிற்கிறதே என்று இருவருக்கும் தோன்றவில்லை. நாச்சிமுத்து மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல், லாரியிலிருந்து கொடிக்கட்டுகளை இறக்குகிற சாக்கில் முக்குப் பக்கம் போய்விட்டார்.

அன்றைக்கு அவள் சமையலறைக் கதவை விரியத் திறந்துவைத்து, அவரை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் காட்டிக் காட்டி வறுவல் செய்தாள். இது உப்பு, இது மஞ்சள், இது கடலெண்ணெய், புது டப்பா, நீங்களே உடையுங்கள் என்று கொடுத்தாள். இலையில் வைத்தாள். அவர் ஒரு துண்டை எடுத்தார். கை மேலே வந்தது, பாதி வழியில் நின்றது, இறங்கிவிட்டது.

அவர் தலை குனிந்துகொண்டார். "வந்துட்டேன் புள்ள," என்றார். "கை இன்னும் வல்ல."

"வரட்டுமுங்," என்றாள் திலகமணி. "அது வர்றப்ப வரட்டும்."

அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அடுத்த நாள் மாரப்பன் கடையில் மறுபடி பால் காய்ந்தது, ஆனால் வரட்டீக்கென்று ஒரு தனிச் சட்டி, தனி வடிகட்டி, அதன் பக்கத்தில் பால் கரண்டி போகக்கூடாது என்று சட்டம். கன்றுக்குட்டிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. சென்னியப்பன் வாழைப்பழமும் வரக்காப்பியும் தானே உடைத்த தேங்காயுமாக மூன்று நாள் ஓட்டினார். திலகமணி மூன்று நாளும் வறுவல் செய்து, இலையில் வைக்காமல், அடுப்பிலேயே மூடி வைத்துவிட்டு, தான் மட்டும் கொஞ்சம் எடுத்துச் சோற்றோடு தின்றுவிட்டு எழுந்து போனாள். ஏக்கம் போய்விட்டது என்று யாராவது நினைத்தால் தப்பு. தெருவில் இருந்தவர் வீட்டுக்குள் வந்துவிட்டார், ஏக்கமும் கூடவே உள்ளே வந்து, அடுப்புக்கும் அவர் கைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

நாலாம் நாள் மத்தியானம் அவள் பின்பக்கம் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் மெதுவாக, ஒரே ஒரு தடவை, இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவள் கையில் இருந்த சொம்பு அப்படியே நின்றது. பிறகு மறுபடியும், கொஞ்சம் அழுத்தமாக, கறக், கறக்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, கழுவின சொம்பையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.